இரவில் ஒப்புக்கொடுக்கிறேன், விடியுமுன் திரும்ப எடுத்துவிடுகிறேன்

திருகோணமலையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், பாடசாலை, சபை எதுவும் வெளியே தெரியவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றிவிட்டு, சுருக்கத்தைத் தருகிறேன்.

அவருக்கு வயது 46. நகரப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். 21 வருட சேவை. கணவர் கட்டாரில். மூத்த மகள் உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாள். மகன் ஒன்பதாம் ஆண்டு. சீனி வருத்தமுள்ள தாயும் அதே வீட்டில் இருக்கிறார். மெதடிஸ்த சபையில் வளர்ந்த இவர், சில வருடங்களாக ஒரு வீட்டில் நடக்கும் வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார். தாய் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அந்தக் குழுவினர்தான் சாப்பாட்டுப் பார்சலோடு வந்து நின்றார்களாம்.

சென்ற மாதம் நடந்த உபவாச ஜெபத்தில், கூட்டத்தை நடத்தும் சகோதரர் இவரைப் பார்த்து, "நீங்கள் இன்னும் முழுசாக ஒப்புக்கொடுக்கவில்லை, வேலையையும் நகையையும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கர்த்தர் சொல்கிறார்" என்றிருக்கிறார். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வரவேண்டும். இரண்டு காப்பை விதைப்புக் காணிக்கையாக, அதாவது கொடுத்தால் ஆசீர்வாதமாகத் திரும்ப வரும் என்று கேட்கப்படும் காணிக்கையாக, கொடுக்கவேண்டும். தாயும் மருந்தில் வைத்த நம்பிக்கையைக் கர்த்தரில் வைக்கவேண்டும். இராஜினாமாக் கடிதம் எழுதி வேதாகமத்துக்குள் மடித்து வைத்தாயிற்று. கணவருக்கு ஒன்றும் தெரியாது.

அவருடைய வரிகளிலேயே கொஞ்சம்: "ஒவ்வொரு இரவும் மகளைக் கர்த்தருடைய கையில் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறேன். இரண்டு மணிக்கு முழிப்பு வருகிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியைக் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறேன். பாங்கு சொல்லும் வரைக்கும் நித்திரை இல்லை. கொடுத்ததைத் திரும்ப எடுத்துவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருடம் கிறிஸ்தவளாக இருந்தும் நான் வளரவில்லை. காலையில் அம்மாவுக்குக் குளிசையும் தண்ணீரும் கொடுக்கும்போது, கர்த்தருக்குத் தெரியாமல் களவு செய்கிற மாதிரி இருக்கிறது. சாப்பாடும் இறங்குவதில்லை. சில இரவுகளில் விடியாமலே போனால் நல்லது என்றுகூட நினைக்கிறேன்."

அன்புள்ள சகோதரி,

கடைசியாக நீங்கள் எழுதிய வரியைத்தான் நான் முதலில் எடுக்கவேண்டும். விடியாமல் போனால் நல்லது என்ற நினைப்பை விசுவாசக் குறைவு என்று எண்ணி, தனியே ஜெபித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்ற எண்ணம் விடாமல் அரிக்கிறது: இவை சேர்ந்து வந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் தைரொயிட் கோளாறும்கூட நித்திரையைக் குழப்பும். இந்த வாரமே ஒரு டாக்டரிடம் போய், எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். அந்த எண்ணம் பாரமாக வரும் இரவில் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவிச் சேவை அது. பக்கத்து அறையில் மகள் இருக்கிறாள், அவளை எழுப்பினாலும் பிழையில்லை.

எலியா தீர்க்கதரிசியை உங்களுக்குத் தெரியும். கர்மேல் மலையில் அக்கினி இறங்கிய பிறகு, ராணி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டவர். "உன் விசுவாசம் எங்கே" என்று அங்கே அவரை யாரும் கேட்கவில்லை. தூதன் தட்டி எழுப்பினான்; தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், திரும்பவும் படுத்தார், திரும்பவும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேபில் கர்த்தர் பேசியது அதற்குப் பிறகுதான். உடம்பு ஓய்ந்துபோயிருக்கும் ஒருவரிடம் கடவுள் முதலில் என்ன செய்தார் என்பதை இதைவிடத் தெளிவாக எங்கும் நான் வாசித்ததில்லை. உங்களுக்கும் இப்போது முதல் தேவை நித்திரையும் சாப்பாடும்.

அம்மாவின் குளிசை

இதில் இரண்டாம் யோசனைக்கு இடமில்லை. மருந்தை நிறுத்தாதீர்கள். சீனி வருத்தக் குளிசையை நிறுத்தினால் உடனே ஒன்றும் வெளியே தெரியாமல் இருக்கலாம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. "பாருங்கள், மருந்தில்லாமலே நன்றாக இருக்கிறா" என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும் நாட்களில் சீனி ஏறி, கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் உள்ளே கெடுத்துக்கொண்டிருக்கும். ஊசி போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம்.

கர்த்தர் சுகம் தருவார் என்று நம்புவதற்கு நான் தடை சொல்லமாட்டேன்; நானும் நோயாளிகளுக்காக ஜெபிக்கிறவன். ஆனால் இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கியபோது, ஆசாரியர்களிடம் போய்த் தங்களைக் காண்பிக்கச் சொன்னார். ஒருவன் சுத்தமானானா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அந்தக் காலத்தில் ஆசாரியனுடையது. இன்று அந்த இடத்தில் உங்கள் அம்மாவின் கிளினிக் இருக்கிறது. சீனி குறைந்திருந்தால் இரத்தப் பரிசோதனை காட்டும், டாக்டரே மருந்தைக் குறைப்பார். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியன். பவுல் அவரைப் "பிரியமான வைத்தியன்" என்றே எழுதுகிறார். அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்றும் எழுதினார். அதற்காக அவனுடைய விசுவாசத்தைக் குறை சொல்லவில்லை.

நாளைக் காலையில் குளிசையைக் கொடுக்கும்போது, களவு செய்கிற மாதிரி அவசரப்படாதீர்கள். அம்மாவோடு சேர்ந்து ஒரு வரி ஜெபம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

திரும்பத் திரும்ப ஒப்புக்கொடுப்பது பற்றி

உங்கள் பெரிய கேள்வி இதுதான். இரவில் கொடுக்கிறேன், இரண்டு மணிக்குத் திரும்ப எடுக்கிறேன், அப்படியானால் நான் கொடுத்தது பொய்யா?

இல்லை, சகோதரி. ஒப்புக்கொடுப்பது ஒரே இரவில் செய்து முடித்துவிடும் காரியம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதால் வந்த வேதனை இது. ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் அதற்குப் பிறகு பயம் வராது, கண்ணீர் வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இயேசு பிடிபட்ட இரவில் கெத்செமனே தோட்டத்தில் நடந்ததைத் திறந்து பாருங்கள். இயேசு அங்கே ஒரே ஜெபத்தை மூன்று தரம் ஜெபித்தார். மூன்றாம் தரமும் அதே வார்த்தைகள் என்று மத்தேயு எழுதுகிறார். முதல் தரம் ஒப்புக்கொடுத்தது பொய் என்பதால் இரண்டாம் தரம் போனார் என்று நாம் சொல்லமாட்டோம். மனித உடம்போடு இருக்கும் ஒருவருக்குப் பயம் திரும்ப வரும். அவரும் திரும்பப் போனார். வியர்வை இரத்தத் துளிகள்போல விழுந்தது. அமைதியான முகத்தோடு நடந்த ஒப்புக்கொடுத்தல் அல்ல அது.

இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் மன்னா என்ற உணவு கிடைத்த கணக்கும் இதுவே. அன்றைக்குரியதை அன்றைக்குப் பொறுக்கவேண்டும். நாளைக்கென்று வைத்ததில் புழு வந்தது. ஓய்வுநாளுக்கு முந்திய நாள் மட்டும் விதிவிலக்கு. நேற்று இரவு கொடுத்த நம்பிக்கை இன்று அதிகாலைக்குப் போதவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் சொந்தச் சபையின் வழக்கமே இதற்குச் சாட்சி. புதுவருடத்தின் முதல் ஞாயிறு அநேகமாக நடக்கும் உடன்படிக்கை ஆராதனையை நீங்கள் சிறுவயது முதல் பார்த்திருப்பீர்கள். ஜோன் வெஸ்லி 1755இல் இலண்டனில் தொடங்கிவைத்த வழிபாடு. "நான் இனி எனக்குச் சொந்தமல்ல" என்ற கருத்தில் சபை முழுவதும் எழுந்து சொல்லும். வேலை தந்தாலும் சரி, ஒதுக்கிவைத்தாலும் சரி. நிறைவாக இருந்தாலும் சரி, வெறுமையாக இருந்தாலும் சரி என்று அந்த ஜெபம் போகும். போன வருடம் சொன்னவர்களே இந்த வருடமும் சொல்கிறார்கள். பாட்டிமார் எழுபது வயதிலும் சொல்கிறார்கள். மனிதர் மறந்துபோவார்கள், பயந்துபோவார்கள், கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தெரிந்தவர்கள் வைத்த ஒழுங்கு அது.

அப்புறம், எதை ஒப்புக்கொடுக்கிறீர்கள் என்பதையும் பார்க்கவேண்டும். நீங்கள் ஆசிரியர். பாடத்திட்டத்தை முடிக்கிறீர்கள், கடந்தகால வினாத்தாள் செய்விக்கிறீர்கள், விளங்காத பிள்ளைக்கு இடைவேளையில் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். பரீட்சை மண்டபத்துக் கதவு மூடியதும் வெளியே நிற்கிறீர்கள். அதற்கு மேல் உங்கள் கை போகாது. ஆனால் "விடைத்தாளைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு தவணை முழுக்கப் படிப்பிக்காமல் இருந்தீர்களா? கடமை உங்களிடம், முடிவு அவரிடம். உங்கள் ஜெபக்கூட்டத்தில் இந்த இரண்டும் குழம்பிப்போயிருக்கின்றன என்று எனக்குப் படுகிறது. முடிவை அவரிடம் கொடுக்கச் சொல்லவேண்டிய இடத்தில், கடமையையும் புத்தியையும் விட்டுவிடச் சொல்கிறார்கள்.

இரண்டு மணி முழிப்புக்கு ஒரு சின்ன வழி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனாவும் வையுங்கள். மனதில் ஓடுவதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். நாளைக்கு நான் செய்யக்கூடியதற்கு நேரே நாளும் நேரமும் போடுங்கள்: "மகளோடு வேறு கற்கைநெறிகள் பற்றிப் பேசுவது, சனிக்கிழமை." என் கையில் இல்லாததற்கு நேரே ஒன்றும் எழுதாமல், அதைப் பெயர் சொல்லிக் கர்த்தரிடம் கொடுங்கள். "எல்லாவற்றையும் ஒப்புக்கொடுக்கிறேன்" என்ற பொதுவான ஜெபத்தைவிட, "இந்த வருட வெட்டுப்புள்ளியை ஒப்புக்கொடுக்கிறேன்" என்பது மனதுக்குப் பிடிபடும். திரும்ப முழிப்பு வந்தால் திரும்பச் செய்யுங்கள்.

ஜெபத்தில் அழவேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னார்களாம். சங்கீதங்களை வாசிக்காதவர்கள் சொல்லும் பேச்சு அது. "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று முறையிடும் சங்கீதங்களும் வேதத்துக்குள்ளேதான் இருக்கின்றன. இவ்வளவு இடப்பெயர்வும் போரும் 2004 டிசம்பர் கடலும் பார்த்த ஊர் நம்முடையது. இங்கே அழாமல் ஜெபிக்கவேண்டும் என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

வேலையும் அழைப்பும்

ஊழியம் செய்யவேண்டும் என்ற உங்கள் ஆசையை நான் இலேசாக எடுக்கவில்லை. அது கர்த்தரிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் இப்போது, இந்த நிலையில், அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.

ஒரு நடைமுறை விஷயம் முதலில். அரச சேவையில் ஓய்வு பெறுவது வேறு, இராஜினாமா செய்வது வேறு. இராஜினாமா செய்தால் ஓய்வூதிய உரிமை போய்விடும். 21 வருடச் சேவை அதைக் காப்பாற்றாது. பிறகு மனம் மாறினாலும் அந்த வேலை திரும்பக் கிடைக்கும் என்று இருக்கமுடியாது. வலயக் கல்வி அலுவலகத்தில் உங்கள் கோவையை வைத்து, முன்கூட்டியே ஓய்வு பெறமுடியுமா, எப்போது, சம்பளமற்ற லீவுக்கு வழி உண்டா என்று எழுத்தில் கேட்டு எடுங்கள். கேட்பது விசுவாசக் குறைவு இல்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று சொன்னவர் இயேசு. அதுவும் சீஷனாகும் விலையைப் பற்றிப் பேசிய இடத்திலேயே சொன்னார்.

இஞ்ஞாசியார் ஒரு விதி சொல்லியிருக்கிறார். நம் ஊரில் நெடுங்காலம் பணி செய்த இயேசு சபையை நிறுவியவர். மனம் இருண்டு வறண்டு கிடக்கும் காலத்தில், முன்பு தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது அதன் சாரம். நீங்கள் மெதடிஸ்தர், அவர் கத்தோலிக்கர். ஆனாலும் 16ஆம் நூற்றாண்டின் அந்த ஆலோசனை உங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. நித்திரையில்லாத ஒரு மாதத்தின் முடிவில் 21 வருட வேலையைத் தீர்மானிக்கக்கூடாது. உண்மையான அழைப்பு ஆறு மாதம் பொறுத்தாலும் கலைந்துபோகாது. தமஸ்குவுக்குப் போகும் வழியில் வெளிச்சத்தைக் கண்ட பவுலே அரபிதேசத்துக்குப் போய்த் திரும்பி, மூன்று வருடம் கழித்துத்தான் எருசலேமுக்குப் போனார். அவர் கொரிந்துவில் கூடாரம் செய்து உழைத்துக்கொண்டு பிரசங்கித்தார் என்பதையும் நினையுங்கள். கைத்தொழில் செய்ததால் அவருடைய ஊழியம் அரைகுறை ஆகிவிடவில்லை.

இடையில் ஆசையைச் சோதித்துப் பாருங்கள். ஞாயிறு பாடசாலையில் ஒரு வகுப்பு எடுக்கலாம். ஆஸ்பத்திரி வார்ட்டில் யாரும் வராத நோயாளிகளைப் பார்க்கப் போகலாம். உங்கள் அம்மா கிடந்தபோது யாராவது வந்து நிற்பது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

காப்பு

நீங்கள் மனமாரக் கொடுத்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் பயத்தில் கொடுக்கப்போகிறீர்கள். கொடுத்தால் மகளுக்கு நல்ல பெறுபேறு வரும், கொடுக்காவிட்டால் தடை வரும் என்ற பயம். அவனவன் தன் மனதில் தீர்மானித்தபடி கொடுக்கட்டும், விசனத்தோடும் வேண்டாம், கட்டாயத்தாலும் வேண்டாம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். கடன்பட்டோ, அடகு வைத்தோ, கணவருக்கு மறைத்தோ கொடுக்கவேண்டி வந்தால், அங்கேயே நிறுத்துங்கள். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் "கொர்பான்", கடவுளுக்கென்று கொடுத்தாயிற்று என்று சொல்லித் தப்பிக்கிறவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது மாற்கு 7இல் இருக்கிறது. அம்மாவின் மருந்துச் செலவு அந்தக் கணக்கில் வரும்.

அந்தச் சகோதரர் சொன்னது

அவர் மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. கஷ்ட நாளில் சாப்பாட்டோடு வந்தவர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் நன்றியும் நியாயமானது. ஆனால் நன்றிக்காக உங்கள் மனச்சாட்சியை ஒருவர் கையில் கொடுக்கமுடியாது. தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணவேண்டாம் என்ற பவுல், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் சொன்னார். கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தேன் என்பதால், அவர் பெயரில் பேசுகிற ஒவ்வொருவருக்கும் கீழ்ப்படியவேண்டும் என்றாகாது.

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். "எனக்கு ஆறு மாதம் வேண்டும், கணவரோடும் என் சபைப் போதகரோடும் பேசவேண்டும், அம்மாவின் மருந்தை நிறுத்தமாட்டேன்" என்று அவரிடம் நேரே சொல்லுங்கள். "சரி, சேர்ந்து ஜெபிப்போம்" என்றால் அந்தக் குழுவில் தொடர்ந்து இருக்கலாம். கோபம் வந்தால், சாபத்தைக் காட்டிப் பயமுறுத்தினால், யாரிடமும் சொல்லாதே என்றால், அங்கிருந்து விலகுங்கள். விலகினால் தனிமையாக இருக்கும். அதனால் இப்போதே சபையில் நம்பக்கூடிய ஒரு அக்காவையாவது தேடிக்கொள்ளுங்கள்.

வளரவில்லை என்கிறீர்களே

மற்றவர்கள் தரிசனம் காண்கிறார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் ஆவியின் கனிகள் ஒன்பது வருகின்றன. தரிசனம் அந்தப் பட்டியலில் இல்லை. நீடிய பொறுமை, தயவு, சாந்தம் இருக்கின்றன. கடைசியில் வருவது இச்சையடக்கம், அதாவது தன்னைத் தான் ஆளுவது. கடவுளிடம் தன்னைக் கொடுத்தவருக்குச் சொந்தப் புத்தியும் தீர்மானமும் இல்லாமல் போகும் என்றால் இது ஏன் அங்கே வரவேண்டும்?

வளர்ச்சியை அளக்க நீங்கள் நல்ல ஆள் இல்லை, சகோதரி. அது நம் எல்லோருக்கும் பொது. வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். மகளிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்: ஐந்து வருடத்துக்கு முன் இருந்த அம்மாவுக்கும் இப்போதைய அம்மாவுக்கும் என்ன வித்தியாசம் என்று. முன்பு முதல் தரம் பரீட்சை பிழைத்தபோது அவளைத் திட்டாமல் பக்கத்தில் படுத்துக்கொண்டதாகக் கடிதத்தில் ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியில் நின்றேன்.

இனிக் கணவர். கட்டாரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அவருக்கு ஆறுதலாக நேரம் இருக்கும் அன்று அழைத்து, முதலில் நித்திரை இல்லாததைச் சொல்லுங்கள், பிறகு இராஜினாமாக் கடிதத்தையும் காப்பையும் சொல்லுங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்ல முடியாவிட்டால், நான் எழுதும் இந்தப் பதிலை அனுப்பிவிட்டு அழையுங்கள். அவர் கோபப்படலாம், வேலைக்காக அல்ல, மறைத்ததற்காக. அந்தக் கோபம் ஆறும்வரை லைனில் இருங்கள். டாக்டரிடம் போகும் நாளை அவரோடு பேசி முடிவு செய்து, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.